இல்லாத விசைப்பலகை

ஜியென் சூயுவேக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. ஆனால் இறந்தவர்கள் வந்து உலவுவதாகச் சொல்கிற ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் அந்த வார்த்தையை வாயால் சொல்ல மாட்டாள். ஊரெல்லாம் சொல்கிற மாதிரி 'நல்ல அண்ணன்மார்' என்றுதான் சொல்வாள். பொழுது சாய்ந்த பிறகு துணியை வெளியே காயப்போட மாட்டாள். முதுகுக்குப் பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இந்தக் கடைசிப் பழக்கம் எங்கள் அலுவலகத்தில் பெரிய தொல்லை. அந்த மாதம் முழுக்க அவளிடம் ஒன்று கேட்க வேண்டுமானால் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்க வேண்டும்.

"நம்பிக்கைதான் இல்லையே, திரும்பிப் பார்த்தா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்பிக்கை இல்லைங்கறதுக்காக வம்பை விலைக்கு வாங்கணுமா?" என்றாள்.

ஐம்பதை நெருங்குகிறவள். கீலுங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள். ஷீஜியில் ஆற்றோரம் ஓர் அடுக்ககத்தின் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறாள். வருடத்தில் இருநூறு நாள் மழை பெய்கிற ஊரில் இன்னும் ஸ்கூட்டரில்தான் வேலைக்கு வருகிறாள். மதியம் தினமும் ஒரே கடையின் பன்றிக்கால் சோற்றுப் பெட்டி. அதிலிருக்கும் ஊறுகாய் முள்ளங்கியை மட்டும் பேசாமல் என் பெட்டிக்குத் தள்ளிவிடுவாள்.

வேலை, ஃபர்ம்வேர் எழுதுவது. கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும், திரையில் படம் எதுவும் வருவதற்கு முன்னால், சில நொடிகள் ஓடி மறைகிற நிரல் அது. தனக்கு என்னென்ன உறுப்புகள் உண்டு என்று இயந்திரம் இருட்டில் தன்னையே தடவிப் பார்த்துக்கொள்வது அந்தச் சில நொடிகளில்தான். சூயுவேயின் பங்கு யு.எஸ்.பி. துளைகள். ஒவ்வொரு துளையிலும் 'யாரங்கே?' என்று கேட்டு, வருகிற பதிலை மேலே அனுப்புவது. இருபத்திரண்டு வருடமாக இதே கேள்விதான். அலுக்கவில்லையா என்றால், பதில் மாறிக்கொண்டே இருக்கிறதே என்பாள்.

நான் அதே நிறுவனத்தில் தர அறிக்கை எழுதுகிறவன். என்ன நடந்தது, ஏன் நடந்தது, யாரால் நடந்தது என்று மூன்று கட்டங்களை நிரப்பி, முத்திரை வாங்கி, வாடிக்கையாளருக்கு அனுப்புவேன். மூன்றாவது கட்டத்தை நிரப்புகிற வாரத்தில் யாரும் என்னோடு சாப்பிட வருவதில்லை.

அந்த வருடம் ஏழாம் மாதம் ஆறாம் நாள் ஒரு புகார் வந்தது. சான்ஜி மலைமேல் ஓர் அஸ்திக் கோபுரம். பன்னிரண்டு தளங்கள், தளத்துக்கு நாலாயிரம் மாடங்கள். கீழே கூடத்தில் ஒரு வழிகாட்டி இயந்திரம் உண்டு. சொந்தக்காரர்கள் அட்டையைக் காட்டினால் எந்தத் தளம், எந்த வரிசை, எத்தனையாவது மாடம் என்று ஒரு சீட்டு அச்சடித்துத் தரும். அதற்குள்ளே இருப்பது எங்கள் மின்சுற்றுப் பலகை. தட்டுவதற்கு விசைப்பலகை என்று எதுவும் அதில் கிடையாது. ஆனால் காலையில் மின்சாரம் போட்டதும் யாரோ ஒரு விசையை அழுத்துகிறார்கள். இயந்திரம் பாதி வழியில் நின்று கடவுச்சொல் கேட்கிறது. கேட்ட பெட்டிக்குள் ஒவ்வொன்றாக நட்சத்திரம் விழுகிறது. எட்டு விழுந்ததும் நின்றுவிடுகிறது. அப்புறம் யாரோ யோசிப்பதுபோல, மணிக்கணக்காக அப்படியே. ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் இதே கதை.

எங்கள் மேலாளர் ஜுவோ ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "யார் போறீங்க?"

ஒருவனுக்கு மனைவி கர்ப்பம்; அந்த இடத்துக்கெல்லாம் போகக்கூடாது. இன்னொருவனின் ராசி விலங்குக்கு இந்த வருடமே ஆகாது. மூன்றாமவன் கொஞ்சம் யோசித்து, தனக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் என்றான்.

"இந்த ரூம்ல மாஸ்டர்ஸ் படிச்சவங்க ஏழு பேர் இருக்கீங்க," என்றார் ஜுவோ.

"மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கும் அம்மா இருக்காங்களே சார்."

"அப்ப நீங்களே போங்களேன் சார்," என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"எனக்கு மீட்டிங் இருக்கு."

"எந்தத் தேதியில சார்?"

"எல்லாத் தேதியிலயும்."

"நான் போறேன்," என்றாள் சூயுவே.

எல்லோரும் அவளை வீராங்கனை மாதிரி பார்த்தார்கள். எனக்கு மட்டும் வேறொன்று தெரியும். அதே கோபுரத்தில், மூன்றாம் தளத்தில், து மிங்சோங் இருந்தான். அவன் சாவுக்கு சூயுவே போகவில்லை. அதற்கப்புறம் வந்த எந்தத் திதிக்கும் போகவில்லை.

மிங்சோங் பதினோரு வருடம் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. யு.எஸ்.பி. வேலையை இரண்டு பேரும் பங்கிட்டிருந்தார்கள். கீழடுக்கு அவளுடையது: துளையில் கேள்வி கேட்டுப் பதிலை வாங்கும். மேலடுக்கு அவனுடையது: அந்தப் பதிலை நம்பிப் பட்டியல் போடும். நாலு வயது மூத்தவன் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவாள். திட்டும்போதும் அண்ணே போட்டுத்தான் திட்டுவாள். எட்டு வருடம் முன்பு ஒசாகாவுக்குப் போன கடை இயந்திரங்களில், செருகாத கருவியைச் செருகியதாகக் காட்டுகிற பிழை வந்தது. அறுநூறு இயந்திரங்கள் திரும்பி வந்தன. மேலடுக்கு சரிபார்க்காமல் பதிலை எடுத்துக்கொண்டது என்று விசாரணையில் முடிவாயிற்று. மூன்றாவது கட்டத்தில் மிங்சோங்கின் பெயரை எழுதியது நான். நல்ல அறிக்கை அது. இன்று படித்தாலும் மொழியில் ஒரு குறை சொல்ல முடியாது. அவனைச் சோதனை அறைக்கு மாற்றினார்கள். ஒரு வருடத்தில் வேலையை விட்டான். பார்சல் வண்டி ஓட்டினான். மூன்று வருடம் முன்பு மூளையில் ரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நானும் அவளும் மலைமேல் இருந்தோம். கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து கூடத்தின் கண்ணாடிக் கதவில் வழிந்துகொண்டிருந்தது. வரவேற்பில் இருந்தவர் ஆ-தாவ் என்கிற அறுபது வயது அம்மாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"கம்பெனியில ஆம்பளையே இல்லையா, பொம்பளையை அனுப்பியிருக்காங்க?"

"ஆம்பளை இதோ நிக்கறாரே அக்கா. வண்டி ஓட்டிட்டு வந்தார்," என்றாள் சூயுவே.

ஆ-தாவ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, பரவாயில்ல. நீயே பாரும்மா."

திரையில் கடவுச்சொல் பெட்டி. அதற்குள் எட்டு நட்சத்திரம். பக்கத்தில் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழமும் பத்தியும். இயந்திரத்துக்கு யாரோ படையல் வைத்திருந்தார்கள்.

சூயுவே பின்கதவைத் திறந்தாள். பலகைக்கு மேலே பச்சைப் பொட்டலச் சோளப் பொரி ஒன்று இருந்தது. இயந்திரம் சமர்த்தாக நடந்துகொள்ள எங்கள் ஊரில் எல்லோரும் வைப்பதுதான். பச்சையாக இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது. அவள் பொட்டலத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள்.

"அக்கா, இது அஞ்சாம் மாசமே முடிஞ்சுபோச்சு. அப்புறம் எப்படி அது சொன்ன பேச்சைக் கேக்கும்?"

தன் பையிலிருந்து புதுப் பொட்டலம் எடுத்து வைத்தாள். அதற்கு அப்புறம்தான் மடிக்கணினியைத் திறந்தாள். இருபத்திரண்டு வருட அனுபவம் எந்த வரிசையில் வேலை செய்யும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பலகையில் ஒரு கம்பியைப் பொருத்தினால், எழுந்திருக்கும்போது அது தனக்குள் முணுமுணுப்பதை வரிவரியாகப் படிக்கலாம். அவள் படித்தாள். மின்சாரத்தை நிறுத்திப் போட்டாள். இயந்திரம் ஒழுங்காக எழுந்தது. மறுபடி நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டுப் போட்டாள். ஒழுங்காக எழுந்தது. பத்துத் தடவை போட்டும் நட்சத்திரம் வரவில்லை.

"நீங்க வெளியாளுங்க இல்லியா, வெக்கப்படறாங்க," என்றார் ஆ-தாவ்.

"ராத்திரியில இதை என்ன பண்ணுவீங்க அக்கா?"

"மத்த மாசம்லாம் அது பாட்டுக்கு எரியும். இந்த மாசம் விடுவேனா? பூட்டிட்டுக் கிளம்பும்போது பிளக்கைப் பிடுங்கிடுவேன். நம்ம அண்ணன்மாருங்க ராத்திரி வந்து நோண்டினா? காலையில வந்து மாட்டுவேன். மாட்டினா நட்சத்திரம்! சரின்னு நேத்துலேருந்து மதியத்துலயும் பிடுங்கறேன்."

"இப்ப மதியமும் வருதா?"

"வருதும்மா! பட்டப்பகல்ல! என்ன துணிச்சல் பாரேன்."

சூயுவே என்னைப் பார்த்தாள். பிறகு பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டு வந்துடலாம்," என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்து மாட்டினோம். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கண்ணுக்கு யாரும் தெரியாத கூடத்தில், கண்ணுக்குத் தெரியாத விரல் ஒன்று நிதானமாகத் தட்டுவதைப் பார்ப்பது, காரணம் பாதி தெரிந்தவனுக்கும் நன்றாக இல்லை. ஆ-தாவ் கைகூப்பினார். சூயுவே ஒரு சின்னப் பெட்டியைக் கம்பியின் நடுவே பொருத்தி, இரண்டு பக்கப் பேச்சையும் அதில் பதிய விட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் காத்திருந்து, மறுபடி மாட்டினாள். மூன்றரை மணிக்கு விஷயம் வெளியே வந்தது.

மூன்றாம் துளையில் அட்டையை வாசிக்கும் கருவி. எண்ணை வாசித்துத் தட்டச்சு செய்கிறவர் மாதிரி அனுப்பும் என்பதால், அந்த வகைக் கருவி எப்போதுமே தன்னை விசைப்பலகை என்றுதான் சொல்லிக்கொள்ளும். அதில் தப்பில்லை. நான்காம் துளையில் சீட்டு அச்சடிக்கும் கருவி. மலை ஈரத்தில் வெகுநேரம் மின்சாரம் இல்லாமல் குளிர்ந்து கிடந்தால் அது விழித்துக்கொள்ள நேரம் பிடித்தது. இயந்திரம் கேட்டது: யாரங்கே? பதில் இல்லை. இரண்டாம் முறை கேட்டது. பதில் இல்லை. மூன்றாம் முறையும் இல்லை. பெட்டியில் பதிவான உண்மை அவ்வளவுதான். ஆனால் பலகையின் முணுமுணுப்பில் அடுத்த வரி இப்படி இருந்தது: வெற்றி, விசைப்பலகை.

பதிலை வாங்க ஒவ்வொரு துளையிலும் ஒரே பாத்திரத்தைத்தான் நீட்டுகிறது நிரல். மூன்றாம் துளையில் நீட்டிய பாத்திரத்தைக் கழுவாமல் நான்காம் துளையில் நீட்டியது. அங்கிருந்து ஒன்றும் விழவில்லை. உள்ளே ஒட்டியிருந்த பழைய மிச்சத்தையே புதுப் பதில் என்று எடுத்துக்கொண்டது. விசை அழுத்தமும் அதே மிச்சம்தான். கடவுச்சொல் பெட்டியில் எட்டுக்கு மேல் இடமில்லை, எட்டோடு நின்றது. அண்ணன்மார் உள்ளே வராமலிருக்கப் பிளக்கைப் பிடுங்கினார்கள்; பிளக்கைப் பிடுங்கியதால்தான் அவர்கள் வந்தார்கள்.

"மூணு தடவை பதில் வரலைன்னா 'வரலை'ன்னுதானே மேல சொல்லணும்? எதுக்கு வெற்றின்னு சொல்லுது?" என்று கேட்டேன்.

அவள் நிரலைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு வரி. மூன்று முறை தோற்றால் வெற்றி என்று சொல்லிவிடு. யார், எந்தத் தேதியில் அந்த வரியைச் சேர்த்தார் என்று ஆவணம் பக்கத்திலேயே காட்டியது. பதினோரு வருடம் முந்தைய தேதி. தைபே கண்காட்சிக்கு முதல் நாள். பெயர்: து மிங்சோங்.

"பார்த்தியா? அப்பவே சொன்னோம். அவனேதான்," என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு நிம்மதி. என் அறிக்கை சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அவள் கம்பிகளைச் சுருட்டினாள். "அக்கா, மூணாம் தளத்துக்கு லிஃப்ட் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

மூன்றாம் தளத்தில் விளக்குகள் ஆள் நடந்தால்தான் எரிந்தன. நாங்கள் நடக்க நடக்க முன்னால் ஒவ்வொன்றாக எரிந்தன, பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. மாடங்கள் எல்லாம் ஒரே அளவு. அஞ்சல் பெட்டிகள் மாதிரி. மிங்சோங்கின் கதவில் சின்னப் புகைப்படம், அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்தது. எங்கள் நிறுவனத்தின் நீலப் பின்னணியோடு.

சூயுவே இரண்டு பத்து டாலர் நாணயங்களை எடுத்தாள். போனவர்களிடம் ஒன்று கேட்க வேண்டுமானால் இப்படித்தான் கேட்போம்: தலை ஒன்று பூ ஒன்று விழுந்தால் ஆமாம், இரண்டும் பூவானால் இல்லை, இரண்டும் தலையானால் சிரிக்கிறார், பதில் சொல்லவில்லை.

"அண்ணே, என் மேல கோவமா?"

போட்டாள். இரண்டும் தலை.

மறுபடி கேட்டாள். இரண்டும் தலை. மூன்றாம் முறை ஒன்று தலையாக விழுந்தது, இன்னொன்று உருண்டு ஓடிச் சுவரில் முட்டி நின்றது. குனிந்து பார்த்தேன். தலை.

அவள் நாணயங்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். "மூணு தடவை கேட்டும் பதில் வரலை. 'இல்லை, கோவமில்லை'ன்னு எடுத்துக்கலாமா, பான்?" என்று என்னைக் கேட்டாள்.

"நீ என்ன பேசற?"

"அதைத்தான் எழுதினேன். அந்த வரியை. நான்தான் எழுதினேன்."

கண்காட்சிக்கு முதல் நாள் அவளுடைய கணினியைக் காட்சிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மிங்சோங் தேநீர் வாங்கப் போயிருந்தான். அவன் இருக்கையில், அவன் பெயரில் திறந்திருந்த கணினியில் உட்கார்ந்து அடித்தாள். காட்சிக்கு வைத்த கருவி ஒன்று விழிக்காமல் முரண்டுபிடித்தது. ஒரு நாளுக்கு மட்டும் பொய் சொன்னால் போதும் என்றிருந்தது. கண்காட்சி முடிந்து வந்ததும் எடுத்துவிடுகிறேன் என்று அவனிடம் சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டே தேநீரைக் கொடுத்தான்.

"எடுத்தேன் பான். என் காப்பியில எடுத்தேன். எல்லாரும் பயன்படுத்தற பொதுக் காப்பிக்கு அது போச்சான்னு பாக்கலை."

"விசாரணையில அவன் கேக்கலையா?"

"கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கத்திலேருந்து. 'யுவே, அந்த வரியை எடுத்துட்டியா?' எடுத்தாச்சுன்னேன். யோசிக்கக்கூட இல்லை. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் கேக்கலை."

"அவனே போய்ப் பார்த்திருக்கலாமே!"

"பதினோரு வருஷத்துல நான் சொன்னதை அவர் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. நான் சரின்னா சரி. அவரோட நிரலும் அப்படித்தான், என்னுது வெற்றின்னா வெற்றி."

எங்கள் அலுவலகத்தில் மதியம் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். நூற்றிருபது பேர் மேசையில் தலை கவிழ்த்துத் தூங்குவோம். சூயுவே மட்டும் இருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். கண் வலிக்காக என்று நினைத்திருந்தேன்.

"விளக்கு அணைஞ்சா அவர் கேப்பார். பக்கத்து நாற்காலியிலேருந்து. குரலை உயர்த்தாம. அதே கேள்வி. எட்டு வருஷமா தினமும் எடுத்தாச்சுன்னு பதில் சொல்லிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் தெரியுது எடுக்கலைன்னு."

பின்னால் ஒரு விளக்கு அணைந்தது. நான்தான் முதலில் லிஃப்டைப் பார்த்து நடந்தேன்.

வண்டியில் இறங்கி வரும்போது கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது, அவளுக்கும் இருந்திருக்கும். அந்த வரியை நீக்கினால் வேலை முடிந்தது. கோபுரத்துக்காரர்களுக்குச் சந்தோஷம். ஆவணத்தில் இருப்பது மிங்சோங்கின் பெயர். அதை மறுக்கக்கூடிய ஒரே ஆள் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவள் வேலைக்கும் பெயருக்கும் என்ன ஆகும் என்று மிங்சோங்குக்கு ஆனதை வைத்தே சொல்லிவிடலாம்.

அன்று சாயங்காலமே அவள் மிங்சோங்கின் மனைவி லியாவ் பீயுனுக்குத் தொலைபேசினாள். என் முன்னால்தான் பேசினாள். துணைக்கு இருக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து அப்புறம் கேட்டது இவ்வளவுதான்: "வாயால சொன்னா அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? காகிதத்துல குடுங்க. கம்பெனி முத்திரை இருக்கணும். பதினஞ்சாம் தேதி மலைக்கு வர்றேன், எரிச்சு அனுப்பிடறேன்." ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் காகிதத்தை எரித்தால் அது போனவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

மறுநாள் ஜுவோவின் அறைக்குப் போனோம். பழைய அறிக்கையைத் திருத்த வேண்டும், தன் பெயரைப் போட வேண்டும் என்றாள் சூயுவே. ஜுவோ எழுந்து கதவைச் சாத்தினார்.

"எட்டு வருஷத்துக்கு முந்தினதை இப்ப எதுக்கும்மா கிளர்றே? ஒசாகாக்காரனுக்கு என்னன்னு சொல்றது? தப்பான ஆளைப் பிடிச்சுட்டோம்னா? அப்புறம் அவன் மத்த அறிக்கையெல்லாம் நோண்ட ஆரம்பிப்பான்."

"ஒசாகாவுக்கு வேண்டாம் சார். அண்ணிக்கு."

"அந்தம்மா வக்கீலைப் பாத்தா?"

"எரிக்கப் போறாங்க. பதினஞ்சாம் தேதி. அண்ணனுக்கு அனுப்ப."

ஜுவோ மெதுவாக உட்கார்ந்தார். "எரிச்சுடுவாங்களா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"முழுசா? காப்பி கீப்பி எதுவும்...?"

"ஒரே ஒரு தாள் சார்."

"அட, அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? போனவருக்கு மரியாதை செய்யறதுல கம்பெனி என்னிக்குமே குறை வச்சதில்ல. பான், நல்லா எழுதிக் குடு. சிவப்பு மையை நிறையத் தொட்டு வை."

உயிரோடிருக்கிற யாரும் படிக்க மாட்டார்கள் என்று உறுதியானதும் உண்மைக்கு முத்திரை கிடைத்தது. நான் எழுதினேன். முதல் கட்டம், இரண்டாம் கட்டம். மூன்றாவதில் ஜியென் சூயுவே. நான்காவதாக ஒரு கட்டம் இருந்திருந்தால், சரிபார்க்காமல் எழுதியவன் என்று என் பெயரையும் போட்டிருப்பேன் என்று சொல்வது எளிது. படிவத்தில் மூன்றுதான் இருந்தது.

பதினைந்தாம் நாள் கோபுரத்தில் நல்ல கூட்டம். பின்முற்றத்தில் எரிஅடுப்பு, அதைச் சுற்றிக் காகிதப் பணக் கட்டுகளோடு ஆட்கள். பீயுன் மெலிந்தவர், பள்ளிச் சமையலறையில் வேலை. சூயுவே இரண்டு கையாலும் தாளை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, அடுப்புக்கு ஒதுங்கி நின்று, வாய்விட்டுப் படித்தார். துறைச் சொற்களில் தடுக்கித் தடுக்கி, ஒன்றையும் விடாமல். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தலை குனிந்தார்கள்.

படித்து முடித்ததும் சொன்னார்: "இது அவருக்குத் தெரியும்."

சூயுவே நிமிர்ந்து பார்த்தாள்.

"டெஸ்ட் ரூமுக்குப் போன முதல் வாரமே தேடிப் பார்த்துட்டார். வீட்டுக்கு வந்து சொன்னார், யுவே எடுக்க மறந்துட்டான்னு."

"ஏன் அண்ணி யார்கிட்டயும் சொல்லலை?"

"அவர் பேர்ல இருக்கற வரியை நீங்க எழுதினதுன்னு சொன்னா யார் நம்புவாங்க? நீங்களே வந்து சொல்லுவீங்கன்னார். ரெண்டு வருஷம், ஃபோன் அடிச்சா சாப்பிடறதைப் பாதியில விட்டுட்டு எழுந்திருப்பார். அப்புறம் எழுந்திருக்கறதை விட்டுட்டார்."

அடுப்பில் ஏதோ வெடித்துப் பொறி பறந்தது.

பீயுன் தாளை நாலாக மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தன் தோள்பைக்குள் வைத்தார்.

"அண்ணி, அதை எரிக்கணும்னு..." என்றேன் நான். ஜுவோவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"எரிக்கறேன்னாத்தானே முத்திரை போடுவீங்க? ஆபீஸ்காரங்களை எனக்குத் தெரியாதா?" பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "தெரிஞ்சவருக்கு எதுக்கு அனுப்பணும்? என் பொண்ணுக்குத்தான் தெரியாது. அப்பா வேலையில தப்புப் பண்ணி வெளியே வந்தார்னு நினைச்சுக்கிட்டே வளந்தா. அவ படிக்கட்டும்."

"என்னை மன்னிச்சுடுங்க அண்ணி."

"அதை நான் எப்படிச் சொல்றது? காத்திட்டிருந்தது நானில்லையே." காகிதப் பணக் கட்டு ஒன்றை அவள் கையில் வைத்தார். "வந்ததுக்கு இதைப் போட்டுட்டுப் போங்க. கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க, அணைஞ்சுடும்."

அவர் படியிறங்கிப் பேருந்தைப் பார்த்துப் போனார். சூயுவே ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டு தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் கை அடுப்புப் பக்கம் நீண்டே இருந்தது. நான்தான் பிடித்து இழுத்தேன். புறங்கையில் கொப்புளம் வந்திருந்தது.

மறுநாள் காலை ஜுவோ எங்கள் மேசைக்கே வந்தார். ஏழாம் மாதம் என்பதால் முறைப்படி சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"எரிச்சாச்சா?"

ஆச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவருக்குத் தேவைப்பட்டதும் அதுதான். போய்ப் பார்த்திருக்க மாட்டார்.

"இல்ல சார். அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. பொண்ணுக்குக் காட்ட."

ஜுவோவின் முகம் வெளுத்தது. "முத்திரையோடயா? நீ பார்த்துட்டு சும்மா நின்னியா?"

"பார்த்தேன். நின்னேன். அந்த வரியை எழுதினது நான்தான் சார், யார் படிச்சா என்ன?"

மாஸ்டர்ஸ் படித்த ஏழு பேரும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜுவோ என் பக்கம் திரும்பினார்.

"பான், நீயும் அங்கதானே இருந்தே? நீயும் பார்த்தியா?"

"நான் வண்டிகிட்ட இருந்தேன் சார்," என்றேன்.

ஜுவோ பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.